எம்.எஸ்சி நர்சிங் தியரி, பிலாசபி பகுதியை எப்படிப் படிப்பது? தீசிஸுக்கு எந்தத் தியரி?

மஞ்சக்காடு (ஈரோடு):

எல்லாருக்கும் வணக்கங்க. பி.எஸ்சி முடித்து, கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் மெடிக்கல் வார்டில் சில வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்துவிட்டு இப்போதுதான் எம்.எஸ்சி மெடிக்கல் சர்ஜிக்கல் சேர்ந்திருக்கிறேன். ரிசர்ச், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எல்லாம் எப்படியோ தள்ளிவிடலாம். அட்வான்ஸ் நர்சிங் பிராக்டிஸ் பேப்பரில் வரும் பிலாசபி, தியரி பகுதிதான் மண்டையில் ஏறவே மாட்டேன் என்கிறது. நைட்டிங்கேல், பெப்லாவ், ஹெண்டர்சன், ஓரம், ராய், கிங், ராஜர்ஸ், வாட்சன் என்று நர்சிங் தியரி எழுதியவர்கள் வரிசையாக வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டம், நாலு அம்புக்குறி, பிறந்த ஊர், படித்த கல்லூரி, அப்புறம் எல்லாருக்கும் பொதுவாக மனிதர், சூழல், உடல்நலம், செவிலியம் என்று அதே நாலு பெட்டி. செமினார் என்று எங்களுக்கே பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள், நாங்களும் சீனியர் வைத்திருந்த அதே பிபிடி ஸ்லைடுகளை எடுத்து வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம்.

அதைவிடப் பெரிய கவலை தீசிஸ். விசைத்தறித் தொழிலாளர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்களின் பாதப் பராமரிப்பு என்று எடுக்கலாம் என நினைக்கிறேன், சோமனூர் பல்லடம் பக்கம். வார்டில் இருந்தபோது வந்த ஒரு பேஷன்ட்தான் காரணம். வலது கால் பெருவிரலுக்கு அடியில் புண், கட்டைப் பிரித்தால் ஓரத்தில் தறிப் பஞ்சு அப்பிக் கிடக்கும். டிஸ்சார்ஜ் அன்று தினமும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள், வெறுங்காலில் நடக்காதீர்கள் என்று எல்லாம் சொல்லி அனுப்பினோம், நன்றாகத் தலையாட்டினார், திருப்பிச் சொல்லச் சொன்னபோது வரிசையாகச் சொல்லவும் செய்தார். கொஞ்ச நாளில் அதே கால், அதே புண், இந்த முறை எலும்பு வரைக்கும்.

இதற்குக் கான்செப்சுவல் ஃப்ரேம்வொர்க், அதாவது ஆய்வுக்கு அடிப்படையாக ஒரு தியரி வேண்டும் என்கிறார்கள். லைப்ரரியில் பழைய தீசிஸ்களைப் புரட்டினால் பாதிக்கு மேல் வீடன்பாக் என்ற நர்சிங் ஆசிரியையின் தியரி, மிச்சம் ஜெனரல் சிஸ்டம்ஸ் தியரி. "அதையே நீயும் போடு, எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் ஒண்ணும் கேக்க மாட்டார்" என்கிறார் ஒரு சீனியர் அக்கா. நேற்று வகுப்பில் ஆன்டாலஜி (உண்மையில் எது இருக்கிறது), எபிஸ்டமாலஜி (எதை அறிவு என்பது) என்று வேறு ஆரம்பித்திருக்கிறார்கள். புண்ணுக்கு டிரெஸ்ஸிங் பண்ணுவதற்கும் இதற்கும் உண்மையிலேயே சம்பந்தம் இருக்கிறதா, இல்லை மார்க்குக்காக மனப்பாடம் செய்துவிட்டுப் போக வேண்டியதுதானா? படித்தவர்கள் சொல்லுங்கள்.


ஏற்காடு ரோடு (சேலம், ஆசிரியை):

அம்மணி, முதலில் அந்த நாலு பெட்டியை ஓரமாக வையுங்கள். அது யாருடைய தியரியும் கிடையாது. செவிலியத்தில் வந்த மாடல்களை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஜாக்குலின் ஃபாசெட், இவர்கள் எல்லாரும் இந்த நாலைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று மெட்டாபாரடைம் என ஒரு பெயர் கொடுத்தார். பாடப்புத்தகம் எழுதுகிறவர்களுக்கு அது வசதியாகப் போய்விட்டது, எல்லாரையும் அந்தப் பெட்டியில் போட்டு அடைத்துவிட்டார்கள். அதனால்தான் உங்களுக்கு எல்லாத் தியரியும் ஒரே மாதிரி தெரிகிறது.

நான் பாடம் எடுக்கும்போது கேட்பது ஒன்றுதான்: இந்த அம்மா எந்த இடத்தில் மாட்டிக்கொண்டு இதை எழுத உட்கார்ந்தார்?

டாரதியா ஓரம் என்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். 1950களின் கடைசியில் அமெரிக்காவில் பிராக்டிகல் நர்ஸ்களுக்கான பாடத்திட்டத்தைச் சீர்செய்யும் வேலை அவரிடம் வந்தது. என்ன சொல்லிக் கொடுப்பது என்று யோசிக்கப்போய், ஒரு மனிதர் எந்த நிலையில் இருந்தால் அவருக்கு நர்ஸ் தேவை என்று முடிவு செய்கிறோம் என்ற கேள்வியில் வந்து நின்றார். நோய் இருந்தாலே நர்ஸ் தேவையா? இல்லை, நோயோடு தன்னைத்தானே பார்த்துக்கொள்கிற ஆட்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டிய அளவுக்கும் பார்த்துக்கொள்ள முடிகிற அளவுக்கும் நடுவில் இடைவெளி விழும்போதுதான் நர்ஸ் உள்ளே வருகிறார். செல்ஃப்-கேர் டெஃபிசிட் என்பது அவ்வளவுதான். முழுக்க நாம் செய்வது, பாதி நாம் பாதி அவர், சொல்லிக்கொடுத்துத் தாங்கிப் பிடிப்பது என்ற மூன்று முறையும் அந்தக் கேள்வியிலிருந்து தானாக வந்து விழும், மனப்பாடமே தேவையில்லை.

ராய் எம்.எஸ்சி மாணவியாக இருந்தபோது செவிலியத்தின் இலக்கு என்ன என்று சொல் பார்க்கலாம் என அவருடைய ஆசிரியை டாரதி ஜான்சன் கேட்டார், செமினாரில்தான், உங்களுக்கு இப்போது நடக்கிறதே அதே மாதிரி. ராய் குழந்தைகள் வார்டில் வேலை பார்த்தவர். பெரிய சிகிச்சைக்குப் பிறகும் குழந்தைகள் சடுதியில் தேறி, புதிய நிலைமைக்குப் பழகிக்கொள்வதைப் பார்த்தவர். அங்கிருந்து வந்ததுதான் அடாப்டேஷன் மாடல், 1970இல். பெப்லாவ் மனநலப் பிரிவிலிருந்து வந்தவர், அங்கே ஊசி மருந்தைவிட நர்ஸும் நோயாளியும் பேசிக்கொள்ளும் உறவே சிகிச்சையாக இருப்பதைக் கண்டு 1952இல் எழுதினார். ஹெண்டர்சனுக்கு வேறு தலைவலி. டாக்டர் வேலையை எடுத்துவிட்டால் நர்ஸுக்கென்று என்ன மிச்சம் என்பது. மூச்சுவிடுவதிலிருந்து வழிபாடு, வேலை, விளையாட்டு வரைக்கும் அந்தப் பதினான்கு தேவைகளை மறுபடி வாசித்துப் பாருங்கள், வழிபாட்டையும் பொழுதுபோக்கையும் ஒரு நர்ஸ் ஏன் எழுதி வைத்தார் என்று யோசித்தாலே அவர் யார் என்று பிடிபட்டுவிடும்.

இன்னொன்று, இவை எல்லாம் ஏன் ஒரே காலத்தில் அமெரிக்காவில் கொத்தாக வந்தன என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் அங்கே நர்சிங் படிப்பு மருத்துவமனைப் பள்ளிகளிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது. பல்கலைக்கழகத்தில் தனித் துறை வேண்டும் என்றால் உனக்கென்று தனி அறிவு எங்கே என்று கேட்பான் இல்லையா, அதற்குப் பதில் சொல்லும் அவசரமும் அதில் இருக்கிறது. அதனாலேயே சில தியரிகள் தேவைக்கு மேல் பெரிதாக, எல்லாவற்றையும் விளக்கிவிடுகிற மாதிரி இருக்கும். பிறகு வந்தவர்கள் சமூகவியலில் மெர்ட்டன் சொன்ன மிடில்-ரேஞ்ச், அதாவது நடுத்தர அளவுத் தியரி என்ற அளவுக்கு இறங்கி வந்தார்கள். மிஷெல் நோயில் வரும் நிச்சயமின்மையை மட்டும் எடுத்துக்கொண்டார், கொல்காபா நோயாளியின் சௌகரியத்தை மட்டும். என்னைக் கேட்டால் தீசிஸுக்கு அந்த அளவுதான் கைக்கு அடங்கும்.

நைட்டிங்கேலை மட்டும் பிபிடியில் படிக்காதீர்கள், நேராக எடுத்து வாசியுங்கள். 1859இல் எழுதியது, நர்ஸ்களுக்காகக்கூட இல்லை, வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிற பெண்களுக்காக. காற்று, வெளிச்சம், சுத்தம் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நோயாளியிடம் வந்து உட்கார்ந்து வெறும் நம்பிக்கை வார்த்தையும் ஆளுக்கொரு யோசனையும் சொல்லிவிட்டுப் போகிறவர்களை வெளுத்து வாங்க அதில் ஒரு அத்தியாயமே இருக்கிறது. நம்ம ஊரில் விசிட்டிங் ஹவரில் ஒறம்பரைச் சொந்தக்காரர்கள் ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாகக் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு "ஒண்ணுமில்ல, எங்க சித்தப்பனுக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்று ஆரம்பிப்பார்களே, அந்த அம்மா அப்படியே பார்த்த மாதிரி எழுதியிருக்கிறார். பெட்டி மேனேஜ்மென்ட் (Petty Management, சின்னச் சின்ன விஷயங்களின் நிர்வாகம்) என்று இன்னொரு அத்தியாயம். நீ இருக்கும்போது நடப்பது நீ இல்லாதபோதும் நடக்கிறதா என்பதுதான் விஷயம், அதாவது ஷிப்ட் மாறும்போது அடுத்தவரிடம் ஒப்படைக்கிற நம்முடைய ஹேண்ட் ஓவர்.

தீசிஸ் பற்றி ராத்திரி எழுதுகிறேன், இப்போது கிளாஸுக்கு நேரமாகிவிட்டது.


நைட்டுடூட்டி (திருப்பூர்):

மேடம் சொன்னதை மதிக்கிறேன், ஆனால் வார்டு பக்கத்துப் பேச்சும் கொஞ்சம் இருக்கட்டும். நான் ஐசியூவில் இருக்கிறேன். ராத்திரி ஆள் குறைந்தால் ஒருத்தரே மூன்று வென்டிலேட்டர் பேஷன்ட்டைப் பார்க்கிற நாளும் உண்டு, அப்போது ஹெண்டர்சனின் பதினான்கு தேவைகளைப் பற்றி யாராவது பேசினால் சிரிப்புதான் வரும். ஆள் போடாமல் தியரி மட்டும் போட்டால் என்ன பிரயோஜனம்.

ராஜர்ஸ் விஷயத்தில் எனக்கு நேரடியாகவே சண்டை. மனிதன் ஒரு எனர்ஜி ஃபீல்டு, சூழலும் ஒரு எனர்ஜி ஃபீல்டு என்கிறார். கேட்க நன்றாக இருக்கும். அந்த மாதிரிச் சிந்தனையைப் பக்கத்துணையாக வைத்துத்தான் தெரபியூட்டிக் டச் என்று ஒன்று பரவியது, டோலோரஸ் க்ரீகர் என்ற நர்சிங் பேராசிரியரும் டோரா குன்ஸும் 1970களில் ஆரம்பித்தது. க்ரீகர் நம்ம ஊர்ப் பிராணனை வைத்தே அதை விளக்கினார். நோயாளியைத் தொடாமல் உடம்புக்கு மேலே கையை நகர்த்தி ஃபீல்டைச் சரிசெய்வதாம். எமிலி ரோசா என்ற ஒன்பது வயதுப் பெண் பள்ளி அறிவியல் திட்டத்துக்காக ஒரு அட்டைத் தடுப்பை வைத்து, அதில் இரண்டு ஓட்டை போட்டு, அந்தப் பயிற்சி பெற்றவர்களைக் கையை உள்ளே விடச் சொன்னாள். அவள் தன் கையை அவர்களுடைய எந்தக் கைக்கு மேலே வைத்திருக்கிறாள் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் டெஸ்ட். 21 பேர், 280 முயற்சி, சரியாகச் சொன்னது 44 சதவீதம். காசு சுண்டிப் போட்டாலே 50 வரும். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஜர்னலிலேயே வந்தது. பிலாசபி படித்ததில் எனக்கு உருப்படியாகக் கிடைத்தது அறிவியல் தத்துவவாதி கார்ல் பாப்பர்தான்: எப்படித் தப்பாகும் என்று சொல்ல முடியாத கருத்தை அறிவியல் என்று என்னிடம் விற்காதே. இதைப் பரீட்சையில் எழுதினால் மார்க் வருமா என்று தெரியவில்லை, நான் எழுதினேன், பாஸ் ஆனேன்.

ஆனால் பாட்ரிசியா பென்னர் என்ற நர்சிங் பேராசிரியர் விஷயத்தில் மறுபேச்சே கிடையாது. 1984இல் எழுதியது, புதியவரிலிருந்து கைதேர்ந்தவர் வரைக்கும் ஐந்து படி, ட்ரேஃபஸ் சகோதரர்களின் மாடலை வைத்து. எங்கள் யூனிட்டில் ஒரு சீனியர் சிஸ்டர் இருக்கிறார், எம்.எஸ்சி எல்லாம் இல்லை, டிப்ளமாதான். ஒரு நாள் ராத்திரி ஹேண்ட் ஓவர் வாங்கிக்கொண்டே போனவர் ஒரு பெட்டுக்கு முன்னால் நின்றுவிட்டார். பிபி 110, சேச்சுரேஷன் 97, மானிட்டரில் ஒரு அலாரம் இல்லை. அந்த அண்ணன் போர்வையை இழுப்பதும் தள்ளுவதுமாக இருந்தார். சிஸ்டர் போர்வையை விலக்கி முழங்காலைத் தொட்டுப் பார்த்தார், அப்புறம் யூரின் பேகைத் தூக்கிப் பார்த்தார், "டாக்டரைக் கூப்பிடு, இவரு செரியில்ல" என்றார். ட்யூட்டி டாக்டர் வந்து நம்பர் எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே ரத்த லாக்டேட் ரிப்போர்ட் வந்தது, கிருமித் தொற்றால் வரும் செப்டிக் ஷாக்கின் ஆரம்பம். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. பென்னர் சொல்வது அதுதான், கைதேர்ந்தவர் விதியை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதில்லை, நிலைமையை மொத்தமாகப் பார்க்கிறார். அப்படியென்றால் புதிதாக வருகிறவருக்கு அதை எப்படிக் கடத்துவது? கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நிற்க வைப்பதைத் தவிர எனக்கு வழி தெரியவில்லை, அதற்கும் ஆள் வேண்டும். மறுபடியும் அங்கேதான் வந்து நிற்கிறேன்.


ஏற்காடு ரோடு (சேலம், ஆசிரியை):

பிரதர், ராஜர்ஸ் பற்றிப் பெரிதாகச் சண்டை போட மாட்டேன், நானும் அதை வரலாறாகத்தான் எடுக்கிறேன். ஆனால் உங்கள் சீனியர் சிஸ்டர் கதை பாப்பருக்கு உள்ளே அடங்குகிறதா என்று யோசியுங்கள். லாக்டேட் வந்த பிறகுதான் அவர் சொன்னது சரி என்று நிரூபணம் ஆனது, சரி. டாக்டரைக் கூப்பிட்ட அந்த நிமிடத்தில் அவரிடம் இருந்தது என்ன? வெறும் யூகம் என்று தள்ளிவிட முடியாது. பார்பரா கார்ப்பர் என்பவர் 1978இல் நர்ஸ் எதையெல்லாம் அறிவாக வைத்திருக்கிறார் என்று நாலு வகை சொன்னார். அளந்து சோதிக்கும் அறிவு, அந்த நேரத்தில் அந்த ஆளை மொத்தமாக உணர்ந்து செயல்படும் கலை, தன்னையும் எதிரில் இருப்பவரையும் மனிதராக அறிவது, எது செய்யத்தக்கது என்ற அறம். உங்கள் சிஸ்டர் முழங்காலைத் தொட்டது இரண்டாவது வகை. ட்யூட்டி டாக்டர் முகம் சுளிப்பார் என்று தெரிந்தும் கூப்பிட்டது நாலாவது. எபிஸ்டமாலஜி என்றால் பயப்படுகிறார்களே, எதை அறிவு என்று ஒப்புக்கொள்வாய் என்ற இந்தத் தகராறுதான் அது. கேஸ் ஷீட்டில் எந்த வகைக்குக் கட்டம் போட்டிருக்கிறது, எதற்கு இல்லை என்று பார்த்தாலே யார் ஜெயித்தார்கள் என்று தெரியும்.


வாய்க்கால்மேடு (கோபி):

நான் கம்யூனிட்டி ஹெல்த் எம்.எஸ்சி, இப்போது கிராமப் பகுதியில் வேலை. எனக்கு உதவியது லெய்னிங்கர் ஒருவர்தான், மற்றதெல்லாம் பரீட்சையோடு போச்சு. அந்த அம்மா நர்ஸாக இருந்து மானுடவியலில் டாக்டரேட் வாங்கியவர், பப்புவா நியூ கினியா மலைக்கிராமத்தில் தங்கி ஆய்வு செய்தவர். அவர் சொல்வது, ஒரு குடும்பத்தின் வழக்கத்தைப் பார்த்தால் நர்ஸ் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், காப்பாற்றி வைப்பது, பேசி ஒத்துப்போவது, மாற்றியமைப்பது.

பிரசவமான வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். பிள்ளை பெத்தவளுக்குக் காதில் பஞ்சு, தலையில் துணி, சோத்தில் பூண்டு, செலவு ரசம். இதில் கெடுதல் ஒன்றுமில்லை, விட்டுவிடு. தண்ணி நிறையக் குடித்தால் வயிறு ஊதும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று அம்மிச்சி ஒரு டம்ளரோடு நிறுத்திவிடுவார். அங்கே நேருக்கு நேர் மோதினால் அடுத்த முறை கதவு திறக்காது. "தண்ணி வேண்டாமுங்க, வெதுவெதுன்னு சீரகத் தண்ணி, பூண்டுப் பால், ரசம் நாலஞ்சு தடவ குடுங்க" என்றால் அம்மிச்சியே ஊற்றிக் கொடுப்பார். ஆனால் பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணியைத் தொட்டு வைப்பதில் பேரமே கிடையாது, சீம்பால்தான் முதலில், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அதையும் பிரசவத்துக்கு முன்னாடியே, ஏழாம் மாசம் எட்டாம் மாசத்தில் மாமியாரை உட்கார வைத்துப் பேசிவிட வேண்டும், பிறந்த அன்று லேபர் ரூம் வாசலில் போய்ப் பாடம் எடுத்தால் நடக்காது.

ஒரு குறை சொல்ல வேண்டும். லெய்னிங்கரைப் படித்துவிட்டு, இந்த ஊர்க்காரர்களின் கலாச்சாரம் இது என்று ஒரு பட்டியலை எழுதி வைத்துக்கொள்கிற பழக்கம் வந்துவிடுகிறது. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு இரண்டு வழக்கம். ஸ்பின்னிங் மில்லிலும் பனியன் கம்பெனியிலும் வேலைக்கு வந்திருக்கிற ஒடிசா, பீகார் பெண்கள் பிரசவத்துக்கு வரும்போது அவர்கள் அம்மா பக்கத்தில் இல்லை, மாமியார் இல்லை, என் பாதிக் கேள்விக்கு அந்தப் பெண்ணே விழிக்கிறாள். அங்கே கலாச்சாரத்தைவிடத் தனியாக இருப்பதுதான் பிரச்சினை.


மஞ்சக்காடு (ஈரோடு):

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். மேடம், தீசிஸ் பற்றிச் சொல்கிறேன் என்றீர்களே. நான் ஒன் குரூப் ப்ரீ-டெஸ்ட் போஸ்ட்-டெஸ்ட், ஸ்ட்ரக்சர்டு டீச்சிங் புரோகிராம், பாதப் பராமரிப்பு அறிவு பற்றிய கேள்வித்தாள் என்றுதான் சினாப்சிஸில் (ஆய்வுத் திட்டச் சுருக்கத்தில்) எழுதி வைத்திருக்கிறேன். வீடன்பாக் இதற்கு நன்றாக உட்காருகிறதே? ஐடென்டிஃபிகேஷன் என்றால் ப்ரீ-டெஸ்ட், மினிஸ்ட்ரேஷன் (உதவி செய்வது) என்றால் டீச்சிங், வாலிடேஷன் என்றால் போஸ்ட்-டெஸ்ட் என்று சீனியர் தீசிஸில் அப்படியே படம் போட்டிருக்கிறார்கள்.


ஏற்காடு ரோடு (சேலம், ஆசிரியை):

உட்காருகிற மாதிரி தெரியும், அதுதான் அதன் ஆபத்து. பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் பழைய தீசிஸ்களைத் தேடிப் பாருங்கள், நீங்கள் சொன்ன அதே படத்தை எத்தனை தடவை பார்ப்பீர்கள் என்று. கல்யாண மண்டபத்தில் வாடகைக்கு எடுத்த அலங்கார வளைவு மாதிரி, முகூர்த்தம் மாறும், வளைவு அதேதான்.

வீடன்பாக் யேலில் தாய்மைச் செவிலியம் சொல்லிக்கொடுத்தவர், 1964இல் எழுதினார். அவர் சொன்ன ஐடென்டிஃபிகேஷன் என்பது எதிரில் இருக்கிற ஒரே ஒரு நோயாளியின் நடத்தையைப் பார்த்து, இதனால் என்ன அர்த்தம் என்று அவரிடமே கேட்டு, அவருக்கு உதவி தேவைப்படுகிறதா என்று தெரிந்துகொள்வது. வாலிடேஷன் என்பது நாம் செய்ததால் அந்தத் தேவை தீர்ந்ததா என்று மறுபடி அவரிடமே சரிபார்ப்பது. அறுபது பேருக்கு அச்சடித்த கேள்வித்தாளைக் கொடுத்து மார்க் கூடியது என்று காட்டுவதில் இந்த இரண்டுமே நடக்கவில்லை. அவர் உயிரோடு வந்து பார்த்தால் இது என்னுடையது இல்லை என்பார்.

இப்போது உங்கள் தறிக்காரரை எடுங்கள். கேட்டபோது எல்லாவற்றையும் வரிசையாகத் திருப்பிச் சொன்னார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதாவது அவருக்கு அறிவு இருந்தது, உங்கள் கேள்வித்தாளில் அவர் இருபதுக்குப் பதினெட்டு வாங்கியிருப்பார், அப்புறமும் புண் வந்திருக்கும். அறிவு கூடினால் நடத்தை மாறும் என்று உங்கள் சினாப்சிஸ் சொல்லாமலே நம்புகிறது. அந்த நம்பிக்கையை எழுந்து நின்று கேள்வி கேட்பதற்குத்தான் பிலாசபி வகுப்பு.

அதே காலை மூன்று விதமாகப் பார்க்கலாம். ஒன்று, அளவு. 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழையை உள்ளங்காலில் வைத்து உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கிறேன், எச்பிஏ1சி (சில மாதச் சராசரிச் சர்க்கரை) பார்க்கிறேன், புண்ணின் நீள அகலம் எழுதுகிறேன். வெளியே ஒரு உண்மை இருக்கிறது, சரியான கருவி இருந்தால் யார் அளந்தாலும் ஏறக்குறைய அதே எண் வரும் என்பது இதன் அடிப்படை. இரண்டாவது, அவருக்கு அந்தக் கால் என்னவாக இருக்கிறது. உணர்ச்சி செத்த காலை ஒருவர் தன் கால் என்றே நினைப்பதில்லை, வலி இல்லாததால் வியாதியும் இல்லை. ஹூசர்ல், ஹைடெகர் என்ற தத்துவவாதிகள் வழியாக ஃபினாமினாலஜி (அனுபவத்தை அனுபவிப்பவர் பக்கமிருந்து பார்ப்பது) என்று வருவது இந்தப் பக்கம், இங்கே அறுபது பேர் வேண்டாம், எட்டுப் பத்துப் பேரிடம் உட்கார்ந்து பேச வேண்டும். மூன்றாவது, அவர் ஏன் உட்கார முடியவில்லை. கூலி மீட்டர் கணக்கில் என்றால் தறி நின்ற நேரத்துக்குக் கூலி இல்லை. காலுக்கு ஓய்வு கொடுங்கள் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியது யாருக்கு எழுதியது? கிரிட்டிக்கல் தியரி கேட்கிற கேள்வி இது, கார்ப்பரின் நாலு வகை போதாது என்று சின்னும் க்ரேமரும் பின்னாளில் எமன்சிபேட்டரி, அதாவது அநீதியைக் கண்டு மாற்றும் அறிவு என்று ஐந்தாவதைச் சேர்த்ததும் இதற்காகத்தான். மூன்றில் எது சரி என்று சண்டை போடாதீர்கள், நீங்கள் எதைக் கேட்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள், டூல், அதாவது தகவல் திரட்டும் கருவி, தானாக மாறும்.

உங்களுக்கு என் யோசனை ஓரமின் தியரி. அதிலும் பாதிப்பேர் கண்டுகொள்ளாமல் விடும் பகுதி ஒன்று உண்டு, பேஸிக் கண்டிஷனிங் ஃபேக்டர்ஸ்: வயது, குடும்ப அமைப்பு, வாழ்கிற முறை, சுற்றுச்சூழல், கையிலிருக்கும் வசதி. தறி, ஷிப்ட், கூலி எல்லாம் அதற்குள் வந்துவிடும். டிபென்டன்ட்-கேர் என்றும் அவர் பேசுகிறார், ராத்திரி வந்தவருக்குக் காலைக் கழுவித் துடைத்துவிடுவது அவர் சம்சாரம் என்றால் கேள்வி அந்த அம்மாவிடமும் போக வேண்டும். அறிவை மட்டும் அளக்காமல் செய்கிறாரா, செய்ய முடிகிறதா, எது தடுக்கிறது என்று மூன்றையும் அளங்கள். இப்படிச் செய்தால் வைவாவில் ஏன் ஓரம் என்று கேட்டால் படத்தைக் காட்ட வேண்டியதில்லை, அந்த மனிதரைச் சொன்னால் போதும்.


கரூர் பக்கம்:

தடைதான் முக்கியம் என்றால் பெண்டரின் ஹெல்த் ப்ரமோஷன் மாடல் எடுக்கலாமே மேடம்? பர்சீவ்டு பாரியர்ஸ் என்று நேராகவே இருக்கிறது.


ஏற்காடு ரோடு (சேலம், ஆசிரியை):

எடுக்கலாம். ஆனால் பெண்டர் பேசுவது அவர் மனதில் தடையாக நினைப்பதை. கூலி போவது அவர் நினைப்பு கிடையாது, நிஜமாகவே போகிறது. அதனால் நான் ஓரம் என்றேன். கைடு பெண்டர் என்றால் அதையும் நியாயப்படுத்தி எழுதலாம், உலகம் ஒன்றும் இடிந்து விழாது.


மஞ்சக்காடு (ஈரோடு):

புரிகிற மாதிரி இருக்கிறதுங்க. கைடு மேடம் சினாப்சிஸைத் திருத்த ஒத்துக்கொள்வார்களா என்பதுதான் பயம், எத்திகல் கமிட்டிக்குக் கொடுக்கும் தேதி நெருங்குகிறது. நாளைக்கு அந்தப் பேஷன்ட் கதையோடவே போய்ப் பேசப்போகிறேன். ஓரம் வைத்துக் கேள்விகள் தயார் செய்துவிட்டுத் திரும்ப வருகிறேன்.


நைட்டுடூட்டி (திருப்பூர்):

போங்க சிஸ்டர், ஆனால் கமிட்டிக்குப் போவதற்கு முன்பே டூலை மாற்றிவிடுங்கள், அப்புறம் மாற்றினால் திரும்ப அனுமதி வாங்க வேண்டியிருக்கும். இன்னொன்று, நானும் தறி வீட்டில் வளர்ந்தவன்தான். குடோனுக்குள் போய் யாரிடமும் பேட்டி எடுக்காதீர்கள், அந்தச் சத்தத்தில் ரெக்கார்டரில் ஒன்றும் விழாது, ஓனர் பக்கத்தில் நின்றால் அவர்களும் எல்லாம் நல்லா இருக்குதுங்க என்றுதான் சொல்வார்கள். ஷிப்ட் மாறுகிற நேரத்தில் வெளியே டீக்கடைப் பக்கம் பிடியுங்கள், இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே போங்கள். சம்சாரமும் அங்கேதான் இருப்பார்.